'5 மணிக்கு எழுந்திருங்கள்' என்கின்றன புத்தகங்கள்... அந்த நேரத்தில் டீ போடுவது யார்?

புத்தகக் கண்காட்சியில் சுயமுன்னேற்றப் புத்தகங்கள் இருக்கும் ஸ்டாலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அதிகாலை 5 மணிக்கு எழச் சொல்லும் ஒரு புத்தகம், நாளை 25 நிமிடத் துண்டுகளாக நறுக்கச் சொல்லும் இன்னொன்று, போனை அணைத்துவிட்டு கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லும் மற்றொன்று. ஸ்டீபன் கவி, ஜேம்ஸ் கிளியர் எழுதியவையெல்லாம் இப்போது தமிழிலேயே கிடைக்கின்றன. வாங்கியவர்களில் பலர் முதல் 40 பக்கம் படிப்பார்கள். ஒரு வாரம் டு-டூ லிஸ்ட் போடுவார்கள். இரண்டாவது வாரம் அந்த லிஸ்ட் எங்கே போனது என்றே தெரியாது. 'நமக்குத்தான் ஒழுக்கம் இல்லை' என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுத்த புத்தகத்தைத் தேடுவார்கள்.

குறை படிப்பவரிடம் மட்டும்தானா? இந்தப் புத்தகங்களைப் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கையோடு வைத்துக்கொண்டால், விஷயம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். இந்தப் புத்தகம் மனதில் வைத்திருக்கும் ஆள் யார்? அவருக்குச் சாப்பாடு போடுவது யார்?

நூறு வருடங்களுக்கும் முந்தைய ஒரு தட்டு

டைம் மேனேஜ்மென்ட் புத்தகம் என்பது ஏதோ செல்போன் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. 1908-ம் ஆண்டிலேயே லண்டனில் ஒரு புத்தகம் வந்துவிட்டது. அர்னால்ட் பென்னட் என்கிற நாவலாசிரியர் எழுதியது. ஒரு நாளைக்கு 24 மணி நேரத்தில் வாழ்வது எப்படி என்பதுதான் தலைப்பே. பணக்காரனுக்கும் 24 மணி நேரம்தான், ஏழைக்கும் 24 மணி நேரம்தான் என்று இன்றைக்கு ரீல்ஸில் ஆவேசமாகப் பேசுகிறார்களே, அந்த வாதத்தை அப்போதே அழகாக எழுதிவைத்தவர் அவர்தான்.

அவர் உதாரணமாக எடுத்துக்கொள்வது லண்டன் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரை. காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. போக 50 நிமிடம், வர 50 நிமிடம். மீதி 16 மணி நேரம் அவருக்கே சொந்தம், அதை ரயிலில் பேப்பர் படித்தும் மாலையில் சும்மா உட்கார்ந்தும் வீணடிக்கிறார் என்று வருத்தப்படுகிறார் பென்னட். காலையில் அரை மணி நேரம், வாரத்தில் மூன்று மாலைகளில் ஒன்றரை மணி நேரம் என வாரத்துக்கு ஏழரை மணி நேரம் ஒதுக்கினால் போதும், வாழ்க்கையே மாறிவிடும் என்கிறார். நியாயமான கணக்குதான். இன்றைய புத்தகங்களைவிட அடக்கமான கணக்கும்கூட.

சிக்கல், சீக்கிரம் எழும் இடத்தில் வருகிறது. 'வேலைக்காரர்கள் எழுவதற்கு முன்னால் நான் எழுந்து என்ன செய்வது, வெறும் வயிற்றோடு எப்படி?' என்று வாசகர் கேட்பதாக அவரே எழுதி, அவரே வழியும் சொல்கிறார். முந்தைய இரவே ஒரு தட்டை எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள். அதில் இரண்டு பிஸ்கட், கப்பும் சாஸரும், தீப்பெட்டி, ஒரு ஸ்பிரிட் அடுப்பு, அதன் மேல் பாத்திரம், டீத்தூள் போட்ட சின்ன டீபாட். காலையில் நீங்கள் தீக்குச்சியைக் கிழித்தால் போதும், மூன்று நிமிடத்தில் தண்ணீர் கொதித்துவிடும்.

தட்டை எடுத்து வைப்பது யார்? அந்த ஆளுக்குப் புத்தகத்தில் பெயர் இல்லை. மனைவியா, வேலைக்காரப் பெண்ணா என்பதுகூட இல்லை. 'அவள் யாராக இருந்தாலும் சரி' என்ற தோரணையில் கடந்துபோகிறார். 'அவர்' இல்லை, 'அவள்'. அந்தப் பெண்ணின் 24 மணி நேரத்தைப் பற்றி பென்னட்டுக்குக் கேள்வி எதுவும் எழவில்லை.

ஸ்டாப்வாட்ச் சமையலறைக்கு வந்த கதை

பென்னட் புத்தகம் வந்த மூன்று வருடங்களில், 1911-ல், அமெரிக்காவில் ஃபிரெடரிக் டெய்லர் என்ற இன்ஜினீயரின் 'விஞ்ஞான நிர்வாகம்' புத்தகம் வந்தது. 'புரொடக்டிவிட்டி' என்று இன்று நாம் சொல்வதன் தாய்வீடு இதுதான். ஸ்டாப்வாட்சோடு தொழிலாளி பக்கத்தில் நின்று, ஒவ்வொரு அசைவையும் அளப்பது டெய்லரின் முறை. பெத்லகேம் இரும்பு ஆலையில் இரும்புக் கட்டிகளைச் சுமந்து ஏற்றிய தொழிலாளி ஒருவர், நாளுக்கு 12.5 டன் ஏற்றிக்கொண்டிருந்தவர், தன் முறையால் 47.5 டன் ஏற்றினார் என்று பெருமையோடு எழுதினார். அந்தத் தொழிலாளியின் கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டியது. மிச்சமான நேரம் யார் கணக்கில் சேர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை. அதே 1911-ல் வாட்டர்டவுன் அரசு ஆயுதக் கிடங்கில் தொழிலாளர்கள் ஸ்டாப்வாட்சுக்கு எதிராக வேலையை நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

ஆலையில் தொழிலாளர்கள் எதிர்த்த அந்தக் கடிகாரம், சமையலறைக்குள் மட்டும் வரவேற்போடு நுழைந்தது. கிறிஸ்டின் ஃபிரெடரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி டெய்லரின் முறையை வீட்டு வேலைக்குப் பொருத்தி 1912-ல் பெண்கள் பத்திரிகை ஒன்றில் தொடர் எழுதினார், அடுத்த வருடம் அது புத்தகமானது. பாத்திரம் கழுவும்போது மட்டும் தான் 80 தவறான அசைவுகள் செய்துகொண்டிருந்ததாகக் கண்டுபிடித்தார். தொட்டியின் உயரத்தை மாற்றினார், பாத்திரங்களை வரிசைப்படுத்தினார், நேரத்தை மிச்சப்படுத்தினார். பாராட்ட வேண்டிய உழைப்பு. ஆனால், பாத்திரம் கழுவுவதை வீட்டில் இன்னொருவர் செய்தால் 80 அசைவும் மிச்சமாகுமே என்ற கணக்கை அவர் போட்டதாகத் தெரியவில்லை.

பிறகு வாஷிங் மெஷின் வந்தது, வேக்குவம் கிளீனர் வந்தது, ஃபிரிட்ஜ் வந்தது. நேரம் மிச்சமாகியிருக்க வேண்டுமே? ஜோன் வேனக் என்ற சமூகவியலாளர் 1974-ல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. வேலைக்குப் போகாத அமெரிக்க இல்லத்தரசிகள் 1920-களில் வாரத்துக்கு 52 மணி நேரம் வீட்டு வேலை பார்த்தார்கள். இத்தனை மெஷின்களும் வந்துவிட்ட 1960-களில் 55 மணி நேரம்! வரலாற்றாய்வாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் எழுதிய புத்தகம் இதற்குக் காரணம் சொல்கிறது. விறகு வெட்டுவது போன்ற ஆண்களின், பிள்ளைகளின் வேலைகளை நவீன வசதிகள் ஒழித்துக்கட்டின. பெண்ணின் வேலையை ஒழிக்கவில்லை, அதற்கான எதிர்பார்ப்பைத்தான் உயர்த்தின. வாரம் ஒருமுறை துவைத்த துணி, மெஷின் வந்ததும் அடிக்கடி துவைக்க வேண்டிய துணி ஆனது.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தது, அம்மி போய் மிக்ஸி வந்தது. மிச்சமான நேரத்தில் அம்மாக்கள் கதை படித்தார்களா? காலைக்கு ஒன்று, லஞ்ச் பாக்ஸுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, அப்பாவுக்கு சர்க்கரை என்பதால் தனியாக ஒன்று என்று மெனு நீண்டதுதான் மிச்சம்.

கோபுரத்துக்குள் யுங், வீட்டில் எம்மா

இப்போதைய புத்தகங்களுக்கு வருவோம். கவனம் சிதறாமல் வேலை பார்ப்பதைப் பற்றி கால் நியூபோர்ட் 2016-ல் எழுதிய 'டீப் வொர்க்', இந்த வகையில் உருப்படியான புத்தகங்களில் ஒன்று. வாட்ஸ்அப் சத்தத்துக்கு நடுவே எந்த வேலையும் முழுதாக நடக்காது என்று அது சொல்வது உண்மை. அந்தப் புத்தகம் தொடங்குவது மனோதத்துவ அறிஞர் கார்ல் யுங் ஏரிக்கரையில் கட்டிக்கொண்ட பொல்லிங்கன் கோபுரத்தில். 1920-களில் ஜூரிக் வாழ்க்கையின் இரைச்சலிலிருந்து விலகி, அங்கே போய்த் தனி அறையில் உட்கார்ந்து யுங் சிந்தித்தார், எழுதினார், உலகப் புகழ் பெற்றார். ஆழ்ந்த வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

வேண்டும். யுங் கோபுரம் கட்டத் தொடங்கிய 1923-ல் அவருக்கு ஐந்து பிள்ளைகள். கடைசிக் குழந்தைக்கு 9 வயது. குடும்பத்தையும் பெரிய வீட்டையும் பார்த்துக்கொண்டது மனைவி எம்மா. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கணவரைப் போலவே உளப்பகுப்பாய்வு சிகிச்சை அளித்தவர். 'கிரெய்ல்' என்ற புனிதக் கிண்ணத்தைப் பற்றிய ஐரோப்பியப் புராணக் கதைகளை 30 வருடங்கள் ஆராய்ந்தவர். அந்த ஆய்வு நூலை முடிக்காமலேயே 1955-ல் இறந்துபோனார். பிறகு மேரி-லூயிஸ் ஃபான் ஃபிரான்ஸ் என்பவர்தான் அதை முடித்து வெளியிட்டார்.

எம்மா நாளை 25 நிமிடங்களாகப் பிரித்திருந்தால் புத்தகத்தை முடித்திருப்பாரா? அவருக்கு இல்லாமல் போனது உத்தியா, அல்லது கோபுரமா? 'டீப் வொர்க்' படிப்பவர்கள் எம்மாவின் கதையையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதனால் இந்த உத்திகளெல்லாம் உதவாது என்று அர்த்தம் இல்லை. பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் இறுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துத் தொடங்கிய 'பொமடோரோ' முறை பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. (நம்முடைய பழைய நாழிகைக் கணக்கு 24 நிமிடம் என்பது தனி சுவாரஸ்யம்.) மனதில் இருக்கும் எல்லாவற்றையும் தாளில் இறக்கி வைத்துவிடு, இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையை உடனே முடித்துவிடு என்று டேவிட் ஆலன் 2001-ல் சொன்னதும் நல்ல யோசனைதான். ஆனால் இரண்டும் யாருக்கு வேலை செய்யும்? 25 நிமிடத்துக்குத் தன்னை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்ற உறுதி உள்ளவருக்கு. குக்கர் விசிலுக்கும் 'அம்மா, சாக்ஸ் எங்கே?'வுக்கும் பொமடோரோ தெரியாது.

நேரம் தூளாகிறது

இந்த வித்தியாசத்தைப் புத்தகமாகவே எழுதியவர் பிரிஜித் ஷுல்ட். அப்போது 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபராக இருந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். பெண்களுக்கு வாரத்துக்கு 30 மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது என்று ஜான் ராபின்சன் என்ற நேர ஆய்வாளர் சொல்ல, 'எனக்கா?' என்று அவரிடமே சண்டைக்குப் போனார். நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள் என்று டைரி எழுதுங்கள் என்றார் ராபின்சன். எழுதினார். அந்த டைரியில் ராபின்சன் 'ஓய்வு' என்று கண்டுபிடித்துக் காட்டிய இடங்களில் ஒன்று, கார் பழுதாகி சாலையோரத்தில் மீட்பு வண்டிக்காக மகளோடு காத்திருந்த நேரம்!

2014-ல் வந்த தன் புத்தகத்தில் ஷுல்ட் இதற்கு ஒரு பெயர் வைத்தார். கல்யாண வீட்டில் தூவும் வண்ணக் காகிதத் துணுக்குகள் போல, நேரம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. இங்கே ஐந்து நிமிடம், அங்கே பத்து நிமிடம். எல்லாவற்றையும் கூட்டினால் மணிக்கணக்கு வரும். ஆனால், அதில் எந்தத் துண்டிலும் ஒரு புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தைக்கூடப் படிக்க முடியாது.

நம் ஊர் நிலவரம்? மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2024-ல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு சர்வே நடத்தியது. 6 வயதுக்கு மேற்பட்டவர்களில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவழிப்பது நாளுக்கு 289 நிமிடங்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். 'ஈடுபடும்' என்ற சொல் முக்கியம். பெண்களில் ஐந்தில் நான்கு பேர் இந்த வேலை செய்கிறார்கள். ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். அதாவது, வேலையே செய்யாத ஆண்களை விட்டுவிட்டு, செய்கிற நல்ல பிள்ளைகளை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் 201 நிமிட இடைவெளி. வாரத்துக்குக் கணக்குப் போட்டால் 23 மணி நேரத்தைத் தாண்டுகிறது. கிட்டத்தட்ட ஒரு முழு நாள். எல்லோருக்கும் 24 மணி நேரம்தான் என்று அடுத்த முறை யாராவது மேடையில் சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளலாம்.

ராபின் ஷர்மாவின் '5 ஏ.எம். கிளப்' முதல் ஒரு மணி நேரத்தை மூன்றாகப் பிரிக்கிறது. 20 நிமிடம் உடற்பயிற்சி, 20 நிமிடம் மனதைக் கவனிப்பது, 20 நிமிடம் கற்பது. தமிழ்நாட்டில் 5 மணிக்கு எழும் பெண்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுடைய மூன்று 20 நிமிடங்கள் தண்ணீர் பிடிப்பதிலும் வாசல் தெளிப்பதிலும் உலை வைப்பதிலும் போகின்றன. கிளப்பில் சேர அவர்களை யாரும் அழைக்கவில்லை.

கவிஞர் சல்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. துவரங்குறிச்சியில் 13 வயதில் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, திருமணமும் ஆனவர். எழுதுவதற்கு நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை. இரவில் கழிப்பறைக்குள் ஒளிந்து நின்று கவிதை எழுதினார். அது ஒன்றுதான் யாரும் கதவைத் தட்டிக் கேள்வி கேட்காத இடம். அவர் பின்னாளில் எழுதிய நாவலின் தலைப்பே ஒரு நேரம்தான்: 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. வீடு அடங்கிய பிறகு கிடைத்த நேரத்தைத் திருடி எழுதியவர்களுக்கு, எந்த டைம் மேனேஜ்மென்ட் குரு என்ன சொல்லிக்கொடுத்துவிட முடியும்?

4,000 வாரங்கள்

இந்த வகைப் புத்தகங்களில் சமீபத்தில் அதிகம் பேசப்பட்டது, ஆலிவர் பர்க்மேன் 2021-ல் எழுதிய 'ஃபோர் தவுசண்ட் வீக்ஸ்'. 80 வயது வரை வாழ்ந்தால் ஒருவருக்குக் கிடைப்பது சுமார் 4,000 வாரங்கள்தான் என்ற கணக்கிலிருந்து வந்த தலைப்பு. பர்க்மேன் 'கார்டியன்' பத்திரிகையில் பல வருடம் சுயமுன்னேற்ற உத்திகளைப் பற்றிப் பத்தி எழுதியவர். எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டு, 2014 குளிர்காலத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, இது எதுவுமே ஒருநாளும் வேலை செய்யப்போவதில்லை என்று அவருக்கு உறைத்ததாம்.

அவர் சொல்லும் முக்கியமான விஷயம் இது. வேகமாக வேலையை முடிப்பவருக்கு ஓய்வு வராது, இன்னும் அதிக வேலைதான் வரும். மெயிலுக்கு உடனே பதில் போட்டால், அதற்குப் பதில் மெயில் உடனே வரும். இரும்பு சுமந்த தொழிலாளிக்கும் வாஷிங் மெஷின் வாங்கிய இல்லத்தரசிக்கும் நடந்தது இதுதானே! ஆகவே எல்லாவற்றையும் முடித்துவிடும் கனவை விட்டுவிட்டு, எதைச் செய்யாமல் விடுவது என்று முடிவெடுங்கள் என்கிறார்.

இது சிந்தனையில் புதிதல்ல. ஏறத்தாழ 2,000 வருடங்களுக்கு முன் ரோமில் செனெகா, நகரத்தின் தானியக் கிடங்குகளைப் பார்த்துக்கொண்ட பாலினஸ் என்ற அதிகாரிக்கு இதே போல எழுதினார். வாழ்க்கை சிறியதல்ல, நாம்தான் வீணடிக்கிறோம், பதவியை விட்டுவிட்டு உனக்காக வாழ் என்றார். செனெகாவின் வீட்டில் வேலை பார்க்க அடிமைகள் இருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். திருக்குறளில் நேரத்தைப் பற்றிய பேச்சு இரண்டு இடங்களில் வருகிறது. 34-வது அதிகாரம் நிலையாமை, 49-வது அதிகாரம் காலமறிதல். இரண்டாவது, ஆட்சி செய்பவனுக்குச் சொன்னது. அதில் நிமிடங்களைச் சேமிக்கும் பேச்சே இல்லை. காக்கை ஆந்தையைப் பகலில் வெல்வதையும், கொக்கு அசையாமல் காத்திருப்பதையும் காட்டி, உரிய பொழுதுக்காகப் பொறுத்திருக்கச் சொல்கிறார் வள்ளுவர். காத்திருப்பதும் காலத்தை அறிவதுதான் என்பது டு-டூ லிஸ்ட் புத்தகங்களில் காணக் கிடைக்காத யோசனை.

பர்க்மேனின் 'சிலவற்றை விட்டுவிடுங்கள்' என்ற ஆலோசனையிலும் ஒரு இடறல் உண்டு. ஆபீஸில் ஒரு மீட்டிங்கைத் தவிர்க்கலாம். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்கு மாத்திரை கொடுப்பதை எப்படி விடுவது? ஒருவர் விட்டால் இன்னொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இன்னொருவர் வீட்டில் இருக்கிறாரா, இருந்தும் போன் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனவே, இந்தப் புத்தகங்களைத் தனியாகப் படிப்பதைவிட வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து படிப்பது நல்லது. கணவன் மனைவியோ, அம்மாவும் கல்லூரிக்குப் போகும் மகனும் மகளுமோ யாராகவும் இருக்கலாம்.

புத்தகம் வாங்கும் முன் செலவில்லாமல் செய்து பார்க்க ஒன்று இருக்கிறது. அரசு சர்வே எடுப்பவர்கள் பயன்படுத்தும் அதே முறை. ஒரு நாள் என்பதை நள்ளிரவில் தொடங்காமல் அதிகாலை 4 மணியில் தொடங்கி மறுநாள் 4 மணி வரை எடுத்துக்கொள்கிறார்கள். அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டம், மொத்தம் 48 கட்டங்கள். ஒரே கட்டத்தில் இரண்டு மூன்று வேலை நடந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்கிறார்கள். சாம்பாரைக் கிளறிக்கொண்டே வாய்ப்பாடு கேட்பது அப்படித்தான் கணக்கில் வரும். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து 48 வரி போட்டு, வீட்டில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு பத்தி ஒதுக்கி, ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் வேலைநாள் ஒன்றுமாக நிரப்பிப் பாருங்கள். 4 மணி முதல் 4.30 வரையிலான முதல் கட்டத்தில் பெரும்பாலும் எல்லோருக்கும் 'தூக்கம்' என்றுதான் வரும். பத்திகள் பிரியத் தொடங்குவது அதற்கடுத்த இரண்டு மூன்று கட்டங்களில்.